எடை குறைய காலை உணவைத் தவிர்க்கலாமா? கலோரிக் கணக்கும் பசியாறும் முறையும்

சில ஊர்களில் நாஷ்டா என்பார்கள், சில ஊர்களில் பசியாறல் என்பார்கள். பெயர் எதுவானாலும் உடல் எடையைக் குறைக்க முடிவு செய்பவர்கள் முதலில் கை வைப்பது இந்தக் காலை உணவில்தான். "காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. "காலையில் அரசனைப் போலச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு ஊதிவிடும்" என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. இரண்டில் எது சரி? எவ்வளவு சாப்பிடலாம்? எதைச் சாப்பிடலாம்? இவற்றைக் கணக்கோடு பார்ப்போம்.

இது அழகுக்கான விஷயம் மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அதற்கு முந்தைய நிலையில் சுமார் 13.6 கோடி பேர் இருக்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். நம் குடும்பங்களில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வந்த நோய், இப்போது 30 வயதுப் பிள்ளைகளுக்கும் வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எடை கூடுதலா என்று எப்படி அறிவது?

உங்கள் எடையை (கிலோ), உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டு எண். இந்தியர்களுக்கு இது 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25-க்கு மேல் போனால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மேலை நாட்டவருக்கான அளவுகள் 25, 30. நமக்கு அளவைக் குறைத்து வைத்ததற்குக் காரணம், குறைந்த எடையிலேயே நம் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோயும் இதய நோயும் வந்துவிடுவதுதான். எனவே இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு.

கலோரி என்றால் என்ன?

வண்டிக்கு பெட்ரோல் போல உடம்புக்கு உணவு. அந்த உணவிலுள்ள எரிசக்தியை அளக்கும் அலகுதான் கலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான சக்தியே, நாம் உணவில் பேசும் ஒரு கலோரி (சரியாகச் சொன்னால் கிலோ கலோரி).

- 1 கிராம் மாவுச்சத்து: 4 கலோரி
- 1 கிராம் புரதம்: 4 கலோரி
- 1 கிராம் கொழுப்பு அல்லது எண்ணெய்: 9 கலோரி

எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும்தான். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், நெய், டால்டா என எதை எடுத்தாலும் கலோரிக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. உடலுக்குச் செய்யும் நன்மை தீமையில் வித்தியாசம் உண்டு. அது வேறு கணக்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி போதும். அதேபோன்ற வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரி போதும். நடுத்தர உழைப்பு உள்ளவர்களுக்கு இது முறையே 2710, 2130 ஆகும். கடையில் கல்லாவில் உட்காருபவரும், அலுவலகத்தில் கணினி முன் இருப்பவரும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள்தான்.

உங்களுக்கென்று தனியாகக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி இது. வீட்டு வேலை போன்ற இலேசான உழைப்பு உள்ளவர்கள் இதை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

உதாரணமாக 40 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 72 கிலோ எடையுள்ள ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். 720 + 969 - 200 - 161 = 1328. இதை 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1850 கலோரி. இவ்வளவு சாப்பிட்டால் எடை கூடாது, குறையவும் குறையாது. எடை குறைய வேண்டுமென்றால் இதிலிருந்து 400 முதல் 500 வரை குறைத்து, 1350 முதல் 1450 கலோரிக்குள் அவர் சாப்பிட வேண்டும்.

எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3500, அதாவது ஏறக்குறைய அரை கிலோ. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கிறது. நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் எச்சரிக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் மனம் தளராமல் இருக்கலாம். முதலாவது, உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ வரைகூட இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும்போது, அதோடு பிணைந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இரண்டாவது, எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறைகிறது. அதனால் சில மாதங்களில் வேகம் தணியும். "உணவு முறை வேலை செய்யவில்லை" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது புதிய எடையை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.

காலை உணவைத் தவிர்த்தால் எடை குறையுமா?

காலை உணவு சாப்பிடுபவர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று பல கணக்கெடுப்புகள் சொன்னது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் பொதுவாகவே நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்கு எழுந்து, உடற்பயிற்சியும் செய்பவர்களாக இருப்பார்கள். ஒல்லியாக இருப்பதற்குக் காலை உணவுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் காலை உணவு கொடுத்தும் மற்றவருக்குக் கொடுக்காமலும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படிச் செய்த 13 ஆய்வுகளை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். காலை உணவு சாப்பிட்டவர்கள் ஒரு நாளில் சராசரியாக 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். தவிர்த்தவர்களின் எடை சுமார் 0.44 கிலோ குறைவாக இருந்தது. ஆய்வுகள் பெரும்பாலும் குறுகிய காலமே நடந்தவை என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்கக் கூடாது என்றும் அவர்களே சொன்னார்கள். ஆக, காலையில் சாப்பிடாவிட்டால் உடம்பு ஊதிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தவிர்த்தால் மளமளவென்று குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

சரி, அதே கலோரியைக் காலையில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் சாப்பிட்டால்? ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 30 பேருக்கு முழு உணவையும் அளந்து கொடுத்தார்கள். நான்கு வாரம் காலையில் அதிகம், நான்கு வாரம் இரவில் அதிகம். இரண்டு முறையிலும் எடை ஒரே அளவில், மூன்று கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்ட நாட்களில் பசி குறைவாக இருந்தது.

நமக்குப் பயன்படும் பாடம் இதில்தான் இருக்கிறது. எடையைத் தீர்மானிப்பது நாள் முழுவதும் உள்ளே போகும் மொத்தக் கலோரி. காலை உணவின் வேலை பசியை அடக்கி வைப்பது. காலையில் சாப்பிடாமல் இருந்துவிட்டு 11 மணிக்குக் கடையில் இரண்டு வடையும் டீயும், மதியம் இரட்டிப்புச் சோறும், இரவு 10 மணிக்கு பரோட்டாவும் சாப்பிடுபவருக்கு அந்தத் தியாகத்தால் பயனில்லை. காலையில் பசியே இல்லாமல், மற்ற நேரமும் அளவோடு சாப்பிட முடிகிறவர் தவிர்ப்பதால் தவறும் இல்லை.

நம் காலைத் தட்டில் எத்தனை கலோரி?

கீழே உள்ளவை தோராயமான அளவுகள். கை அளவும் எண்ணெயும் வீட்டுக்கு வீடு மாறும்.

- இட்லி ஒன்று: 60 முதல் 75
- தோசை ஒன்று: 125 முதல் 150
- இடியாப்பம் ஒன்று: 60 முதல் 70
- பூரி ஒன்று: 80 முதல் 100
- ஹோட்டல் பரோட்டா ஒன்று: 250 முதல் 300
- அவித்த முட்டை ஒன்று: 75
- வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கப்: 130
- வேகவைத்த பச்சைப்பயறு அரைக் கப்: 105
- கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி: சுமார் 200
- எண்ணெய் ஒரு தேக்கரண்டி: 45
- சீனி ஒரு தேக்கரண்டி: 20
- சிறிய வாழைப்பழம் ஒன்று: 90

இப்போது இரண்டு தட்டுகளை ஒப்பிடுவோம். மூன்று பரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா, சீனி போட்ட டீ: ஆயிரம் கலோரியைத் தாண்டும். மேலே சொன்ன சகோதரியின் ஒரு நாள் கணக்கில் முக்கால் பங்கு காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். மூன்று இட்லி, ஒரு கப் சாம்பார், ஒரு முட்டை, சீனியில்லா டீ: சுமார் 430 கலோரி. வயிறு நிறைவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இடியாப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடியாப்பத்துடன் தேங்காய்ப்பாலும் மூன்று தேக்கரண்டி சீனியும் சேர்த்தால் 460 கலோரி. அதே மூன்று இடியாப்பத்துடன் அரைக் கப் கொண்டைக்கடலையை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஆணமாக வைத்தால் 375 கலோரி. கலோரி குறைந்தது ஒரு லாபம் என்றால், இரண்டாவதில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் மதியம் வரை பசி தாங்குவது அதைவிடப் பெரிய லாபம்.

புரதம் ஏன் முக்கியம்?

நம் சாப்பாட்டின் பெரும்பகுதி அரிசியும் மைதாவும் கோதுமையும்தான். தானியங்களிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. மாவுச்சத்து மட்டும் நிறைந்த காலை உணவு சீக்கிரம் செரித்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். புரதம் அதிக நேரம் பசி தாங்கும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் காப்பதும் அதுதான்.

ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். காலையிலேயே 15 கிராம் வரை கிடைத்துவிட்டால் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், அரைக் கப் பயறு அல்லது கடலையில் 7 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு.

ஏமாற்றும் 'ஆரோக்கிய' உணவுகள்

சிறுதானியம் நல்லதுதான். ஆனால் அது கலோரி குறைந்தது அல்ல. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320க்கு மேல், ஓட்ஸில் 380க்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பதே அவற்றின் சிறப்பு. "கேழ்வரகு தோசைதானே" என்று ஐந்து தோசை சாப்பிட்டால் எடை குறையாது.

தேன், நாட்டுச் சர்க்கரை, பனை வெல்லம் ஆகியவற்றின் கலோரியும் சீனிக்கு நெருக்கமானதே. வெந்நீரில் தேன் கலந்து குடிப்பது கொழுப்பைக் கரைக்காது. பழச்சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்து போய் இனிப்பு மட்டும் மிஞ்சும். பழமாகவே சாப்பிடுங்கள். பாக்கெட்டில் வரும் சோள அவல், சத்துமாவு போன்றவற்றின் பின்புறம் எவ்வளவு சர்க்கரை என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு கைப்பிடி நிலக்கடலை (30 கிராம்) 170 கலோரி. சத்தான உணவுதான், ஆனால் டிவி பார்த்தபடி கொறிக்கும் பொருள் அல்ல.

டீயும் எண்ணெயும்

100 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டி சீனியும் சேர்ந்த ஒரு டீ சுமார் 105 கலோரி. நாளைக்கு நான்கு டீ குடித்தால் 420 கலோரி, அதாவது ஒரு முழுக் காலை உணவு. சீனி மட்டும் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2000 கலோரி சாப்பிடுபவருக்கே 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. சீனியை வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

எண்ணெய்க்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8200 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால் ஆளுக்குத் தினமும் 340 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. அதை 3 லிட்டராக்கினால் 205. யாரும் பட்டினி கிடக்காமல், சமைக்கும் பாத்திரத்திலேயே 135 கலோரி குறைந்துவிடும்.

வீட்டுக்கு ஏற்ற சில காலை உணவுகள்

இவை ஒவ்வொன்றும் 350 முதல் 450 கலோரிக்குள் அமையும்.

- மூன்று இட்லி, காய்கறி அதிகமுள்ள சாம்பார், அவித்த முட்டை
- மூன்று இடியாப்பம், கடலை அல்லது மீன் ஆணம் (தேங்காய் குறைவாக)
- இரண்டு சப்பாத்தி, வெங்காயம் தக்காளி சேர்த்த இரண்டு முட்டைப் பொரியல்
- பச்சைப்பயறு அரைத்த இரண்டு அடை, சட்னி, ஒரு கப் தயிர்
- காய்கறி சேர்த்த கோதுமை ரவை உப்புமா ஒரு கப், அரைக் கப் சுண்டல்

பாயா, கீமா, பூரி, வட்டலப்பம் எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, அன்று மதியமும் இரவும் இலேசாகச் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

வீட்டுப் பெண்கள் கவனத்திற்கு

எல்லோருக்கும் பரிமாறி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 11 மணிக்கு மீந்ததைச் சாப்பிடுவது பல தாய்மார்களின் வழக்கம். பிள்ளை வைத்த அரைத் தோசை, வீணாகக் கூடாதே என்று எடுத்துக்கொண்ட பூரி என்று சேரும் கலோரி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. புரதமுள்ள முட்டையும் மீனும் மற்றவர் தட்டுக்குப் போய்விட, தாய்க்கு மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. முதலிலேயே தனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொள்வதும், மீந்ததைக் குளிர்பெட்டியில் வைப்பதும் இதற்குத் தீர்வு. ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட அழைத்தால் இது இன்னும் எளிது.

நோன்பு நாட்களில்

ரமலானில் ஓரிரு கிலோ குறைபவர்கள் உண்டு. ஆனால் அது சில வாரங்களிலேயே திரும்பிவிடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பகலில் விட்ட கலோரியை சமோசாவும் வடையும் சர்பத்தும் இரவில் திருப்பிக் கொடுத்துவிடுவதால் எடை கூடுபவர்களும் இருக்கிறார்கள். ஸஹர் நேரத்தில் மேலே சொன்ன புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவையே எடுத்துக்கொண்டால் பகலில் சோர்வு குறையும். இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியோடு நிறுத்தி, பொரித்தவற்றை ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம்.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாகக் காலை உணவை நிறுத்தக் கூடாது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்து, நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கும் உணவுமுறையை மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகவே தேவை. வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், முதியவர்களும் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ உணவோ எடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வாயில் போடும் அனைத்தையும், டீ உட்பட, ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே அதிகம் போகிறது என்று நோட்டே சொல்லிவிடும். இரண்டாவது வாரம் காலைத் தட்டை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவது வாரம் டீயிலுள்ள சீனியையும், நான்காவது வாரம் இரவு உணவையும் பாருங்கள். தினமும் எடை பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வை இங்கே நினைவில் கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரில், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய பிரிவினருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாத நிலையிலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே தராசு முள் மெதுவாக நகர்ந்தாலும் முயற்சி வீணாவதில்லை. நாளைக் காலையில் ஒரு பரோட்டா குறைவதும் ஒரு முட்டை கூடுவதும் சிறிய மாற்றம்தான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைச் செய்தால், நிலைத்து நிற்கும்.